செம்புப் பாய்லரை எடைக்குப் போடும் முன்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

மார்கழி, தை மாதங்களில் பாலக்கோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. மேட்டு நிலமான தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் இன்னும் கடுமை. மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சும் கருவிகள் பரவும் முன் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகள் பலவற்றில் விறகில் எரியும் செம்புப் பாய்லர்தான் குளியலுக்கு வெந்நீர் கொடுத்தது. இன்று அவை மாட்டுக் கொட்டகையிலும் மொட்டை மாடியிலும் களிம்பேறிக் கிடக்கின்றன. செம்புக்கு நல்ல விலை கிடைப்பதால், பழைய பாத்திரம் வாங்குவோர் வாசலுக்கே வந்து எடை போட்டு எடுத்துச் செல்கின்றனர். புகை அடைக்கிறது, சுடுவதில்லை, ஒழுகுகிறது என்ற மூன்றில் ஒன்றுதான் விற்பவர் சொல்லும் காரணம். நான் கையில் எடுத்துப் பார்த்த பாய்லர்களில் பெரும்பாலானவற்றில் செம்புத் தகடு நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தவை ஈயம் உருக்கிப் பற்று வைத்த மூட்டுகளும் காற்றுப் போகும் வழியும்தான். அவை இரண்டையும் சரிசெய்ய முடியும் என்பதால், எந்த அறிகுறி எந்தப் பழுதைக் காட்டுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

உறுப்புகளுக்கு நான் இடும் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் உருளைக்கு உள்ளே, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் இன்னொரு குழாய் இருக்கிறது. அது நெருப்புக்குழாய். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் தண்ணீர் நிற்கிறது. நெருப்புக்குழாயின் அடியில் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் வாய், மேலே தொப்பிபோல் பொருந்தும் புகைபோக்கி ஆகியவை உள்ளன. தண்ணீர் எடுக்கும் முறையில் இருவகை உண்டு. ஒன்று, அடியில் பித்தளைக் குழாய் வைத்துத் திறந்து பிடிக்கும் வகை. மற்றொன்று, மேலே உள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மறுபக்க மூக்கின் வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வழியும் வகை. தளி, ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடுப்பின்மேல் பதித்திருக்கும் பெரிய செம்பு ஹண்டே வேறு சாதி. அதற்கு நெருப்புக்குழாய் கிடையாது. ஆயினும் புகை பற்றியும் உப்புப் படிவு பற்றியும் நான் சொல்வது அதற்கும் பொருந்தும்.

எந்த வேலையையும் தொடங்கும் முன் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செம்பு 1085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் மூட்டுகளை இணைக்கும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று, 200 டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்கிவிடும். விறகுத் தீயின் சூடு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அப்படியிருந்தும் பற்று நிலைத்து நிற்கிறது என்றால், அதன் மறுபக்கத்தில் நிற்கும் தண்ணீர் 100 டிகிரிக்குமேல் ஏறாமல் தகட்டைக் காக்கிறது என்பதே காரணம். எனக்குப் பற்று வைக்கக் கற்றுக்கொடுத்த, பாத்திரம் அடிக்கும் கன்னார் பெரியவர் இதை, "ஈயத்துக்குப் பின்னாடி தண்ணி நிக்கணும் தம்பி, அவ்வளவுதான் வேல" என்று சொல்வார். அவர் சொன்னதைக் கேட்ட அதே ஆண்டில், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எங்கள் வீட்டுப் பாய்லரில் தீ மூட்டினேன். முந்தைய நாள் கழுவுவதற்காக அதை வடித்துவிட்டிருந்தது எனக்கு நினைவில்லை. ஐந்தாறு நிமிடங்களில் சல்லடையின் கீழே, சாம்பலின்மேல், பாதரசம்போல் மின்னும் துளிகள் விழுந்து உருண்டன. அவை என்னவென்று புரிந்தபோது அடிமூட்டு முழுவதும் கழன்றிருந்தது. அந்தக் காலையிலிருந்து, மூக்கில் தண்ணீர் வழிவதைக் கண்ணால் பார்க்காமல் நான் தீக்குச்சி உரசுவதில்லை.

அறிகுறி: பற்ற வைத்தவுடன் சாம்பல் வாய் வழியாகப் புகை அறைக்குள் திரும்புகிறது

இது எப்போது நேர்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் மட்டும் புகைந்து, பிறகு தானே சீராகிவிட்டால் அது பழுதே அல்ல. புகைபோக்கிக்குள் இரவெல்லாம் நின்ற குளிர்ந்த, கனமான காற்று கீழ்நோக்கி அழுத்துவதால் அப்படி ஆகிறது. ஒரு முழுச் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி, தொப்பியைத் தூக்கி, நெருப்புக்குழாயின் மேல்வாயிலேயே முதலில் கொளுத்திப் போட்டால், புகைபோக்கி சூடேறி மேலே இழுக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு அடியில் பற்ற வைக்கலாம்.

புகை நிற்கவே இல்லை என்றால் ஓர் ஊதுபத்தியை ஏற்றி, அடுப்பு எரியாத நேரத்தில் சாம்பல் வாயருகே பிடித்துப் பாருங்கள். குளியலறைக் கதவைத் திறந்து ஒரு முறையும், மூடி ஒரு முறையும் பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது புகை உள்ளே இழுக்கப்பட்டு, மூடியதும் வெளியே தள்ளப்பட்டால், குற்றம் அறையினுடையது. பாய்லரை ஒன்றும் செய்ய வேண்டாம். பழைய ஓட்டு வீடுகளில் ஓடுகளின் இடுக்கெல்லாம் காற்று வழிதான். கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கதவின் அடி இடுக்கையும் அடைத்துப் புதுப்பித்த குளியலறையில் பழைய பாய்லரை வைத்தால் அது மூச்சுத் திணறும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றும் அங்கே பொருத்தப்பட்டிருந்தால், அது புகைபோக்கி வழியாகவே காற்றைக் கீழே இழுக்கும்.

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே எழுதுகிறேன். காற்றுப் போதாமல் எரியும் விறகும், தணலாகக் கிடக்கும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணை எரிப்பதால் எழுந்து ஓடிவிடுகிறோம். தணலிலிருந்து வரும் இந்த வாயு தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி, கதவைத் திறக்கும் வலுவையே எடுத்துவிடும். குளிக்கும் அறைக்குள் பாய்லரை வைக்காதீர்கள். தாழ்வாரத்திலோ கொல்லைப்புறத்திலோ வைத்து வெந்நீரை வாளியில் எடுத்துச் செல்லுங்கள். வயதான பெற்றோர் உள்ள வீடுகளில் அவர்கள் நடப்பதை மிச்சப்படுத்த எண்ணி அதை உள்ளே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கதவு திறந்திருந்தாலும் ஊதுபத்திப் புகை உள்ளே போகவில்லை என்றால் புகைபோக்கியைக் கழற்ற வேண்டும். கரி அடைத்திருக்கலாம், பல ஆண்டுகள் மூடாமல் கிடந்ததில் அணில் நார் கூடாக அடைந்திருக்கலாம், குளவி மண் பூசியிருக்கலாம். அடைப்பு எதுவும் இல்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். பாய்லரின் மேல்வாயிலிருந்து எட்டடிக்குக் குறையாத குழாயும், கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து மூன்றடி உயரமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முழங்கை வளைவும் இழுப்பைக் குறைக்கும். இரண்டு வளைவுகளுக்குமேல் வேண்டாம். படுக்கையாகச் செல்லும் பகுதி ஓரடியைத் தாண்டக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதைத் துளைக்காதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. சுவர் வழியாக வெளியே எடுத்து, அங்கிருந்து மேலேற்றுங்கள். ஓலையும் கரும்புத் தோகையும் வேய்ந்த கூரையின் கீழே இந்த அடுப்பே கூடாது.

ஆடிக் காற்றில் மட்டும் புகை திரும்புகிறது, மற்ற மாதங்களில் இல்லை என்று சிலர் சொல்வர். பக்கத்து வீட்டில் மாடி எழுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். உயர்ந்த சுவரில் மோதும் காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து புகையை உள்ளே தள்ளும். குழாயைச் சுவரைவிட உயர்த்துவதுதான் நிலையான தீர்வு. அதற்கு வழியில்லாவிட்டால் நான்கு பக்கமும் திறந்த தொப்பி ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம்.

அறிகுறி: குழாய் இணைப்புகளில் கறுப்பாகத் தார் வடிகிறது

விறகு ஈரம். இதற்கு வேறு காரணத்தைத் தேடுவது பெரும்பாலும் வீண். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கும். எரியும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகித் தீ மந்தமாகிறது. முழுதும் எரியாத புகை குளிர்ந்த குழாயில் பட்டுத் தாராக உறைகிறது. மாமரத் தோட்டங்களில் அறுவடை முடிந்து கவாத்து செய்த கொம்புகள் கிருஷ்ணகிரியில் எளிதாகக் கிடைக்கும். அவற்றைப் பிளந்து, மழை படாத இடத்தில் ஒரு முழுக் கோடை உலர்த்திய பின்பே எரிக்க வேண்டும். மாம்பால் தோலைப் புண்ணாக்கும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். அதன் புகையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அத்தகையவர்கள் புளிய விறகுக்கு மாறுவது நல்லது.

பற்ற வைப்பதற்கு எங்கள் பகுதியில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் மல்பெரிக் குச்சி. பட்டுப்புழு இலையைத் தின்று தீர்த்தபின் மிஞ்சும் குச்சிகளைப் புழு வளர்ப்போர் வரப்பில் குவித்து வைத்திருப்பர். சுண்டுவிரல் பருமனில், ஒரு மாத வெயிலில் நன்றாகக் காய்ந்துவிடும். பத்துக் குச்சிகளை ஒடித்துப் போட்டால் மண்ணெண்ணெய் தேவையில்லை. அரளிக் கொம்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எரிக்காதீர்கள். அதன் புகை நஞ்சு. பிளாஸ்டிக் பையும் டயர்த் துண்டும் பற்ற வைப்பதற்கு எளிது என்று போடுவது சுவாசத்தையும் குழாயையும் சேர்த்துக் கெடுக்கும்.

விறகை மாற்றியும் தார் இணைப்புகளின் வழியே வெளியில் வடிந்தால், குழாய்த் துண்டுகள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கின்றன. மேல்துண்டின் கீழ்முனை, கீழ்த்துண்டின் உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் வடிவது உள்ளேயே ஓடி நெருப்பில் விழும். புகை வெளியே கசியும் என்று அஞ்சி இதை மாற்றிச் செருகுவோர் உண்டு. நல்ல இழுப்பு உள்ள குழாய் இணைப்பின் வழியே காற்றை உள்ளுக்குத்தான் இழுக்குமே தவிரப் புகையை வெளியே விடாது.

திடீரென்று புகைபோக்கி லாரி ஏற்றத்தில் இரைவதுபோல் இரைந்தால், உள்ளே படிந்த தார் பற்றிக்கொண்டது என்று பொருள். சாம்பல் வாயை உடனே மூடிக் காற்றை நிறுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நெருப்பு அடங்கிக் குழாய் முழுவதும் ஆறிய பிறகு கழற்றி, முள்தூரிகை விட்டுச் சுரண்ட வேண்டும்.

அறிகுறி: விறகு நன்றாக எரிகிறது, தண்ணீர் சுடவில்லை

நன்றாக எரிகிறது என்பதை அளந்து பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். 20 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 800 கிலோகலோரி போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3500 கிலோகலோரி தரும். அதில் பாதி புகையோடு போனாலும் அரைக் கிலோ விறகில் வேலை முடிந்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் விறகை நிறுத்து எரித்துப் பாருங்கள். முக்கால் கிலோவுக்குள் முடிந்தால் பாய்லர் நலமாக இருக்கிறது. ஒன்றரைக் கிலோ எரித்தும் வெதுவெதுப்பாகவே இருந்தால் சூடு எங்கோ தொலைகிறது.

அது மேலே தொலைகிறதா என்பதைப் புகைபோக்கியின் முதல் ஓரடியில் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார்த்து அறியலாம். துளி சீறி உடனே மறைந்து, பாய்லரின் உடம்பு இன்னும் குளிர்ந்திருந்தால், இழுப்பு அளவுக்கு மீறி இருக்கிறது; சூடான புகை நெருப்புக்குழாயில் நிற்க நேரமின்றி ஓடிவிடுகிறது. சாம்பல் வாயைப் பாதி மூடுவது முதல் மருந்து. அது போதாவிட்டால், இரண்டு விரல் அகல இரும்புப் பட்டை ஒன்றை ஜிலேபி முறுக்காக முறுக்கி நெருப்புக்குழாயின் மேல்பகுதியில் தொங்கவிட்டால், புகை சுழன்று சுழன்று செம்பைத் தழுவிச் செல்லும். புகைபோக்கியில் தடுப்புத் தகடு வைப்பவர்கள் அதில் கால் பங்கை வெட்டி எடுத்துவிட வேண்டும். முழுதாக மூடிக்கொள்ளும் தகடு, முன்பே சொன்ன நச்சுவாயுவை வீட்டுக்குள் திருப்பிவிடும்.

புகைபோக்கி அவ்வளவு சுடவில்லை, ஆனாலும் தண்ணீர் தாமதமாகிறது, கூடவே உள்ளே டொக் டொக் என்று தட்டுவதுபோல் சத்தம் கேட்கிறது என்றால், அது உப்புப் படிவு. இந்த இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினநீர். அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சூடேறும்போது பிரிந்து, மிகவும் சுடும் இடமான நெருப்புக்குழாயின் மேலேயே கல்லாக ஒட்டிக்கொள்கிறது. செம்போடு ஒப்பிட்டால் இந்தக் கல் சூட்டைக் கடத்துவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் உறவினர் வீட்டுப் பாய்லர் ஒன்றின் புனல் துளை வழியே விரலை விட்டபோது, நெருப்புக்குழாய் தட்டுப்படவே இல்லை. முட்டை ஓட்டின் நிறத்தில், அடுக்கடுக்காக, விரல் கடைப் பருமனுக்குக் கல்தான் இருந்தது. அதைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்க நினைப்பது இயல்பு. ஆனால் கல்லுக்கு முன் செம்பு நசுங்கிவிடும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டு வாங்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாய்லரில் ஊற்றி, புனலையும் மூக்கையும் திறந்தே வைத்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். நுரை பொங்கும், அது கரியமில வாயு. நுரை அடங்கியதும் வடித்து, புதுக் கரைசல் ஊற்றி, நுரையே வராத வரைக்கும் திரும்பச் செய்ய வேண்டும். கெட்டியான படிவுக்கு நான்கைந்து முறை ஆகும். கடைசியில் ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்த நீரால் அலசினால் மிச்சப் புளிப்பு நீங்கிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஒரே மணியில் முடியும் என்று ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு என் உறவினர் ஊற்றினார். படிவோடு சேர்ந்து பற்றும் அரிக்கப்பட்டு, மூட்டு மூன்று இடங்களில் திறந்துகொண்டது.

2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அதையே பாய்லருக்கும் ஊற்றிப் பார்த்தேன். படிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் குடிநீரைக் குளிக்கச் செலவிடுவது முறையல்ல என்பதால், இப்போது மழைக்காலத்தில் பிடித்து வைக்கும் மாடித் தண்ணீரைக் கலந்துகொள்கிறோம். இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருந்தால், கொதிக்க வைப்பதால் அது நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். பாய்லரில் காய்ந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. பழைய பற்றுகளில் ஈயம் இருப்பது அதைக் குடிக்காமலிருக்க இரண்டாவது காரணம்.

அறிகுறி: உள்ளே கொதிக்கிறது, மூக்கில் வருவது பச்சைத் தண்ணீர்

ஊற்றி வழியும் வகையில் மட்டும் வரும் பழுது இது. புனலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பாய்லரின் அடிவரை இறங்குகிறது. ஊற்றும் குளிர்ந்த நீர் அடியில் சேர்ந்து, மேலே நிற்கும் வெந்நீரை மூக்கின் வழியே தள்ளுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அந்தக் குழாய் கழன்று விழுந்துவிட்டாலோ மேற்பகுதியில் ஓட்டையானாலோ, ஊற்றும் நீர் மேலேயே குறுக்காகப் பாய்ந்து மூக்கில் வந்துவிடும். நெருப்பில்லாமல் பாய்லரை நிரப்பி, ஒரு சொம்பில் மஞ்சள் தூள் கரைத்து மெதுவாகப் புனலில் ஊற்றுங்கள். மூக்கில் முதலிலேயே மஞ்சள் வந்தால் குழாய் போய்விட்டது. தெளிந்த நீரே தொடர்ந்து வந்தால் குழாய் நலம். மாற்றுக் குழாயையும் செம்பிலோ பித்தளையிலோதான் போட வேண்டும். இரும்பைப் போட்டால், தண்ணீருக்குள் செம்போடு சேர்ந்த இரும்பு தனியாக இருப்பதைவிட விரைவாகத் துருப்பிடித்துக் கரையும். அடியில் உள்ள குழாய்க்குத் துத்தநாகம் பூசிய இரும்பு (ஜி.ஐ.) நிப்பிள் போட்டிருப்பவர்களும் இதே காரணத்தால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

அறிகுறி: மூக்கிலிருந்து தண்ணீர் பீறிட்டுத் துப்புகிறது

தீயை உடனே தணிக்க வேண்டும். சாம்பல் வாயை மூடி, தள்ளி நில்லுங்கள். எதையும் திறக்காதீர்கள், புனலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூக்கோ ஆவி போகும் துளையோ பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது 1600 மடங்குக்கும் மேல் விரிகிறது. அது வெளியேற வழி இல்லாவிட்டால் இந்த மெல்லிய தகடு தாங்காது. நன்றாக ஆறிய பின் மூக்கைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மேலே சொன்னபடி படிவை நீக்க வேண்டும். மூக்கில் வால்வு பொருத்துவதும், மாடித் தொட்டியிலிருந்து நேரடியாகக் குழாய் இழுத்து இணைப்பதும் வசதிக்காகச் செய்யப்படும் கொடிய தவறுகள். இந்தப் பாய்லர் திறந்த பாத்திரம். எந்நாளும் திறந்தே இருக்க வேண்டும்.

அறிகுறி: அடியில் தண்ணீர் சொட்டுகிறது

ஒழுகுகிறது என்று முடிவு கட்டும் முன் வியர்வையா ஓட்டையா என்று பிரித்தறிய வேண்டும். விறகு எரியும்போது எழும் நீராவி, குளிர்ந்த நெருப்புக்குழாயில் பட்டு நீராகிச் சல்லடை வழியே சொட்டுவது இயல்பு. தண்ணீர் சூடேறியதும், பதினைந்து நிமிடங்களுக்குள் அது நின்றுவிடும். இதை ஓட்டை என்று நினைத்து நல்ல பாய்லரை விற்றவர்கள் உண்டு. இரவில் பாய்லரை நிரப்பி, சல்லடையின் கீழே உலர்ந்த செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். தாள் நனைந்திருந்தால்தான் அது ஓட்டை.

வெளிப்பக்க ஓட்டையின் இடத்தைக் கண்டறிய, உடம்பைத் துணியால் நன்கு துடைத்து, மூட்டுகளின்மேல் திருநீற்றை மெல்லத் தூவுங்கள். கசியும் இடத்தில் திருநீறு சாம்பல் நிறமாகக் கறுத்து, ஊசி முனையளவு ஓட்டையையும் காட்டிக்கொடுக்கும். நெருப்புக்குழாயில் இருக்கிறது என்று ஐயுற்றால், தண்ணீரை வடித்துவிட்டு, இருட்டில் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் புனல் துளை வழியே தண்ணீர் நிற்கும் வெளிக்குள் இறக்கி, நெருப்புக்குழாயின் உள்ளே பாருங்கள். ஓட்டைகள் விண்மீன்களாகத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் அடைக்கலாம். தகடெங்கும் பரவியிருந்தால் தகடு தேய்ந்துவிட்டது. நெருப்புக்குழாயையே புதிதாக அடித்துப் போட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தியதும் குழியும் தகடும் அதே நிலைதான்.

எபாக்ஸிப் பசை வேண்டாம். வெளிமூட்டில் ஒரு பருவம் தாங்கலாம். நெருப்புப் பக்கம் ஒரு நாளும் தாங்காது, கருகி நாறும், அதன் மிச்சத்தைச் சுரண்டி எடுக்காமல் பற்றும் பிடிக்காது.

பற்று வைப்பதைத் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும். பாய்லரில் ஒரு துளி நீரும் இருக்கக் கூடாது. மூட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் களிம்பை எடுத்து, செம்பு இளஞ்சிவப்பாக மின்னும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்தாலும் களிம்பு போகும். ஆனால் அதன் பிறகு நன்றாக அலசி உலர்த்த வேண்டும். உயிரோடு பிறவியிலேயே ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பிற் களிம்பை உவமை சொல்கிறது. தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் பொருத்தம் கையிலேயே தெரியும், ஏனெனில் துடைத்த இடம் மறுநாளே மங்கத் தொடங்கிவிடும். ஆகவே தேய்த்த அன்றே பற்று வைத்துவிட வேண்டும்.

சூடேற்றும்போது தீயை ஈயத்தின்மேல் காட்டக் கூடாது, செம்பின்மேல் காட்ட வேண்டும். செம்பு சூட்டை உடனே பரப்பிவிடுவதால் சிறிய மின் சூட்டுக்கோல் இதற்குப் பயன்படாது. வாயுவில் எரியும் ஊதுவிளக்கு வேண்டும். நவச்சாரத்தை ஒரு சிட்டிகை வைத்ததும் வெண்புகை கிளம்பும். அப்போது ஈயக் கம்பியைச் செம்பில் தொட்டால், அது முத்தாக உருளாமல், எண்ணெய் பரவுவதுபோல் மூட்டின் இடுக்குக்குள் ஓட வேண்டும். உருண்டு நின்றால் இடம் சுத்தமில்லை, அல்லது சூடு போதவில்லை. ஓடியதும் தீயை விலக்கி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள். பக்கத்து மூட்டு இளகாதிருக்க அதன்மேல் ஈரத்துணி சுற்றி வைப்பது நல்லது.

நெருப்புக்குழாயின் மேல்விளிம்பு மட்டும் விதிவிலக்கு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் அந்த மூட்டுக்குப் பின்னால் நீர் இல்லை. அங்கே ஈயப் பற்று எத்தனை முறை வைத்தாலும் உருகிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது என்று வரும் பாய்லர்களில் நான் முதலில் பார்ப்பது இந்த விளிம்பைத்தான். அதற்கு வெண்காரம் வைத்து, ஈயத்தைவிட மிகுந்த சூட்டில் உருகும் பித்தளைப் பற்றாசோ வெள்ளிப் பற்றாசோ ஓட்ட வேண்டும். அது 600 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செய்யும் வேலை. பழக்கமில்லாதவர்கள் பாத்திரம் அடிக்கும் கன்னாரிடமே கொடுப்பது நல்லது. இந்தப் பற்றாசு முடிந்த பிறகே மற்ற ஈயப் பற்றுகளை வைக்க வேண்டும். முறை மாறினால் முன்பு வைத்ததெல்லாம் கழன்றுவிடும்.

சிறு பழுதுகள்

பித்தளைக் குழாய் சொட்டினால், அதன் கூம்பு வடிவத் திருகைக் கழற்றி, மெல்லிய அரைப்புப் பசை தடவி அதன் இருக்கையிலேயே சுழற்றித் தேய்த்தால் போதும். எரிந்துபோன சல்லடைக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகளைச் சுண்டுவிரல் இடைவெளியில் வெல்டிங் வைத்துப் போடலாம். நசுங்கிய உடம்பைத் தட்டி நிமிர்த்த, செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தால் அது எஃகைப்போல் இறுகாமல் மெதுவாகும். ஆனால் மூட்டுக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது. காலையில் முதலில் வரும் நீர் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், இரவெல்லாம் நின்றதில் களிம்பு கரைந்திருக்கிறது. ஒரு சொம்பை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

பழுது நீங்கிய பாய்லரை முதல் நாளே முழுத் தீயில் வைக்க வேண்டாம். மூக்கில் வழியும்வரை நிரப்பி, இரண்டு கைப்பிடி மல்பெரிக் குச்சியில் சூடாக்கி, ஆறவிட்டு, மூட்டுகளைத் திருநீறு தூவி ஒருமுறை பாருங்கள். மறுநாள் அரைக் கிலோ விறகில் எரித்து, மீண்டும் அதேபோல் பாருங்கள். பங்குனியில் வெயில் ஏறிப் பாய்லருக்கு வேலை இல்லாமல் போகும்போது, தண்ணீரை முழுவதும் வடித்து, குழாயைத் திறந்தே வைத்து, சாம்பலை வழித்தெடுத்து, புகைபோக்கியின் வாயில் சாக்குத் துணியைக் கட்டி வையுங்கள். அடுத்த மார்கழியில் அந்தத் துணியை அவிழ்க்காமல் தீ மூட்டிவிடாதபடி, துணியின் நுனியைச் சாம்பல் வாய்வரை தொங்கும் அளவுக்கு நீளமாக விட்டுக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம்.